நகம் பதியாத எலும்பு

உடையவே கூடாது என்று முடிவு செய்து ஒருவர் ஒரு பொருளைச் செய்தால், அதன்மேல் மோதுகிறவற்றுக்கு என்ன ஆகும்? சிங்காரவேல் இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்டவர் அல்ல. கேள்விகளை வைத்துக்கொண்டு உட்காருகிற ஆளும் அல்ல. ஆனால் நெய்வேலி குவார்ட்டர்ஸில் அவர் வீட்டுக்கு எதிர்வரிசையில் பதினோரு வருடம் குடியிருந்த எனக்கு, அவருடைய கடைசி இரண்டு மூன்று வருட வேலைக்காலத்தை நினைத்தால் இதுதான் மனதில் வந்து நிற்கிறது.

அவர் சுரங்கத்தில் பெல்ட் ஜாயிண்ட் போடும் குழுவில் இருந்தார். வெட்டியெடுத்த மண்ணும் பழுப்பு நிலக்கரியும் கிலோமீட்டர் கணக்கில் ரப்பர் பெல்ட்டில்தான் பயணம் செய்கின்றன. பெல்ட் அறுந்தாலோ கிழிந்தாலோ அந்த வரிசை முழுவதும் நிற்கும். அப்போது இந்தக் குழு போகும். இரண்டு முனைகளையும் அடுக்கடுக்காகச் சீவி, ரப்பர் பசை தடவி, ஒன்றின்மேல் ஒன்று படியவைத்து, சூடான இரும்புத் தட்டுகளுக்கு நடுவில் இறுக்கி, சொன்ன நேரம் விடுவார்கள். இதை அவர்கள் வேகவைப்பது என்பார்கள். வேகாத ஜாயிண்ட் பிரிந்துவிடும். அதிகம் வெந்த ஜாயிண்ட் கல்லாகி, உருளையில் வளையும்போது வெடித்துவிடும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சில நிமிடங்களில்தான் இவர்களுடைய தொழில் இருக்கிறது.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் ஜாயிண்டுக்குப் பக்கத்தில், பெல்ட்டின் ஓரத்தில், வெள்ளைப் பெயிண்டால் போட்டவர் தன் பெயரின் முதலெழுத்துகளையும் தேதியையும் எழுதுவார். நாளைக்குப் பிரிந்தால் யாரைக் கேட்பது என்று தெரிய வேண்டும் என்பதற்காக. சிங்காரவேல் ‘சி.வே.’ என்று எழுதுவார். பெல்ட் ஓடும்போது ஏழெட்டு நிமிடத்துக்கு ஒருமுறை அந்த எழுத்து நடைபாதையில் நிற்பவர் முன்னால் கடந்துபோகும். முப்பத்தொரு வருடத்தில் அவர் போட்டவற்றில் இரண்டுதான் பிரிந்தன. அந்த இரண்டின் தேதியும் அவருக்கு நினைவிருந்தது. பிரியாதவற்றைப் பற்றிக் கேட்காமலேயே சொல்வார். கல்யாண வீட்டிலும் சொல்வார், துக்க வீட்டிலும் சொல்வார். அவருடன் டீக்கடைக்குப் போவதை நானே சில நாள் தவிர்த்திருக்கிறேன்.

நாய் அவருடையது அல்ல. பக்கத்து வீட்டு சுப்பிரமணியனுடையது. சுப்பிரமணியன் ரிட்டயர்டு ஆனார்; குவார்ட்டர்ஸைக் காலி செய்து திருப்பூரில் மகனுடைய ஃபிளாட்டுக்குப் போக வேண்டியிருந்தது. ஏழாவது மாடி. நாய்க்கு அனுமதி வாங்க இரண்டு மாதம் ஆகும் என்றார். லாப்ரடாருக்கும் எங்கள் பிளாக் தெருநாய் ஒன்றுக்கும் பிறந்த, பெரிய தாடையுள்ள, மண் நிறத்து நாய். முன்னங்காலை ஊன்றி உட்கார்ந்து, யார் வேலை செய்தாலும் தான் ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருக்கும் என்பதால் அதற்கு போர்மேன் என்று பெயர். சாமான் வண்டி கிளம்பும் நேரத்தில் சுப்பிரமணியன் சங்கிலியை நீட்டினார். ரெண்டே மாசம் சார், நான் பாத்துக்கறேன் என்று சிங்காரவேல் வாங்கிக்கொண்டார். ஏற்றுக்கொண்ட வேலையைத் திருப்பிக் கொடுத்து அவருக்குப் பழக்கமில்லை.

முதல் வாரம் கட்டில் கால். இரண்டாம் வாரம் பின்கதவின் அடிப்பக்கம். குவார்ட்டர்ஸ் கதவு என்பதால் காலி செய்யும்போது அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். மூன்றாம் வாரம் நடந்ததுதான் பெரியது. சிங்காரவேலின் மனைவி காந்திமதி நெல்லிக்குப்பத்துக்காரர். வீட்டிலேயே தையல் மிஷின் வைத்து நாலு பிளாக்குகளுக்கு ரவிக்கை தைத்துக்கொடுப்பவர். ஒரு நாள் மதியம் தைத்த துணிகளைக் கொடுத்துவிட்டு வர அரைமணி நேரம் வெளியே போயிருந்தார். திரும்பி வந்தபோது, மறுநாள் முகூர்த்தத்துக்கான ஜரிகை ரவிக்கையின் இடது கை போர்மேனின் வாயில் இருந்தது.

அன்றைக்கு மாலை ஷிப்டு முடிந்து வந்தவரிடம் காந்திமதி கத்தவில்லை. சோற்றைப் போட்டுவிட்டுச் சொன்னார்.

“பொண்ணு வூட்டுக்காரங்க கால்ல வுழாத கொறையா பேசிட்டு வந்திருக்கேன். இன்னொரு தடவ இது துணியில வாய வச்சா, திருப்பூருக்குக் கூட்டிகினு போயி அந்த சார் வூட்டு லிப்ட்டுலயே வுட்டுட்டு வந்துடுவேன். சொல்லிட்டேன்.”

“கடிக்கிறதுக்கு அதுக்குன்னு ஒன்னு இருந்தா துணிப்பக்கம் வராது.”

“அப்ப குடுங்க. ஒடையாததா பாத்துக் குடுங்க. ஒங்களுக்குத்தான் அது கைவந்த கலையாச்சே.”

கடைசி வாக்கியத்தைக் கேலியாகத்தான் சொன்னார் என்று காந்திமதி பிற்பாடு எங்கள் வீட்டில் சொன்னார். சிங்காரவேல் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதலில் கறிக்கடை எலும்பு வாங்கி வந்தார். போர்மேன் அதை இரண்டு நாள் கட்டிக்கொண்டு கிடந்தது. ஆனால் எறும்பு ஒருபக்கம், வாடை ஒருபக்கம். அதற்குள் புரட்டாசி பிறந்துவிட்டது. புரட்டாசியில் அந்த வீட்டுக்குள் முட்டை ஓடுகூட நுழையாது. எலும்பு தெருவுக்குப் போயிற்று. அடுத்து கடலூருக்குப் பஸ் ஏறிப் போய், நாய்ச் சாமான் விற்கும் கடையில் மூன்று பொருள் வாங்கிவந்தார். மாட்டுத்தோலை முறுக்கிச் செய்த வெள்ளை எலும்பு: போர்மேன் அதை ஊறவைத்து ஊறவைத்துக் கொழகொழவென்றாக்கி, ஒரு முனையை அப்படியே விழுங்கி, சாமி படத்துக்கு எதிரே வாந்தி எடுத்தது. பிளாஸ்டிக் எலும்பு: ஒரு மணி நேரத்தில் வீடெல்லாம் மஞ்சள் துண்டுகள். முடிச்சுப் போட்ட கயிறு: அது மறுநாள் காலையில் கயிறாக இல்லை. ஒவ்வொன்றின் அட்டையிலும் நீண்ட நாள் உழைக்கும் என்று எழுதியிருந்தது. அட்டைகளை அவர் எறியாமல் எடுத்துவைத்திருந்தார், வந்தவர்களிடம் காட்டினார். எழுதியவன் பேர் போடலை பாருங்க என்பார்.

பழைய பெல்ட் துண்டு எங்கள் பக்கத்தில் புதிய விஷயம் இல்லை. ஏலத்தில் எடுத்து மந்தாரக்குப்பம் பழைய இரும்புக் கடைகளில் விற்பார்கள். மாட்டுக்கொட்டகையில் தரைக்கு விரிப்பார்கள், வாசலில் மிதியடியாகப் போடுவார்கள், கூரையின் ஓட்டைமேல் வைத்துக் கல் ஏற்றுவார்கள். சிங்காரவேல் துணி அடுக்கு வைத்த பெல்ட்டில் ஒரு முழத் துண்டு வாங்கி, எலும்பு வடிவத்தில் சீவி, ஓரங்களை மழுக்கிக் கொடுத்தார். போர்மேனுக்கு அது பிடித்திருந்தது. நாலாவது நாள் அடுக்குகள் பிரிந்து நூல்நூலாக வந்தன. காந்திமதி அதை நாயின் தொண்டையிலிருந்து கையை விட்டு இழுக்க வேண்டியிருந்தது.

விஷயம் எப்படியோ சுரங்கத்துக்குப் போய்விட்டது. குழுவில் வேலுமணி என்று ஒருவர் இருந்தார். வளையமாதேவிக்காரர், நிலம் சுரங்கத்துக்குப் போனபின் காண்ட்ராக்டில் வேலைக்கு வந்து, பத்து வருடமாகக் காண்ட்ராக்டிலேயே இருப்பவர். ஜாயிண்ட் வேலையை சிங்காரவேலிடம் நின்றுதான் கற்றுக்கொண்டார். வாய் நீளம். மதியச் சோற்று நேரத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாராம்:

“அண்ணே, ஒங்க சரக்கு நாலே நாளுல பிரிஞ்சிடுச்சாமே. போர்மேன் இன்ஸ்பெக்சன்ல தூக்கிட்டாராமே.”

எல்லோரும் சிரித்தார்கள். சிங்காரவேலும் சிரித்தார். ஆனால் அன்று சாயங்காலமே மந்தாரக்குப்பம் போனார்.

இங்கேதான் அவர் செய்த காரியத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும். டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் கடை ஒன்றில் அவருக்குப் பழக்கம் இருந்தது. எலும்பு வடிவத்தில் சீவிய மூன்று பெல்ட் துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பசை தடவி, அந்தக் கடையின் அச்சில் இறுக்கிச் சூடேற்றினார். வேக வேண்டிய நேரம் ஆனதும் கடைக்காரர் எடுக்கப் போனார். இவர் வேண்டாம் என்றார். மறுபடி ஒருமுறை அதே நேரம். அதற்கும் மேலே கொஞ்சம். கடைக்காரர், ஏன் சார் கருக்கறீங்க என்று கேட்டதாகப் பின்னாளில் என்னிடம் சொன்னார். முப்பத்தொரு வருடம் அந்தச் சில நிமிடங்களைக் காத்துவந்த மனிதர், ஒரு கிண்டலுக்காக அவற்றைத் தாண்டிப் போனார். அவருக்குத் தெரியாமல் நடந்ததாக நான் நினைக்கவில்லை. தெரிந்த ஒன்றை ஒதுக்கிவைக்க மனிதனுக்குப் பெரிய காரணம் எதுவும் தேவைப்படுவதில்லை.

வெளியே வந்தது மரக்கட்டை போல இருந்தது. கீழே போட்டால் டங்கென்று சத்தம். அதன் நடுவில் வெள்ளைப் பெயிண்டால் ‘சி.வே.’ என்றும் தேதியும் எழுதினார்.

போர்மேனால் அதைப் பிளக்க முடியவில்லை. ஒரு வாரம், ஒரு மாதம், இரண்டு மாதம். முன்னங்கால் இரண்டுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, கடைவாயில் வைத்து நெரித்துக்கொண்டிருக்கும். பெயிண்ட் மட்டும் கொஞ்சம் போயிற்று. கதவு தப்பித்தது, ரவிக்கைகள் தப்பித்தன. தெருவில் போகிறவர்களை சிங்காரவேல் கூப்பிட்டுக் காட்டினார். எங்கள் டவுன்ஷிப்பில் நாய் வளர்க்காத வீடு குறைவு. கடிக்காத நாய் அதைவிடக் குறைவு. கேட்டவர்களுக்கெல்லாம் செய்துகொடுத்தார். பதினோரு எலும்புகள். பள்ளிக்கூட டீச்சர் ஆதிலட்சுமி வீட்டு பிரௌனிக்கு ஒன்று, வேலுமணியின் நாய்க்கு ஒன்று, மற்றவை அங்கங்கே. ஒவ்வொன்றிலும் எழுத்து, தேதி. யாரிடமும் ஒன்றும் வாங்கிக்கொள்ளவில்லை. வேலுமணியிடம் கொடுக்கும்போது மட்டும், இதை உன் இன்ஸ்பெக்டரைப் பார்க்கச் சொல் என்றாராம்.

பொங்கல் கழிந்த வாரத்தில் போர்மேனின் வலது கண்ணுக்குக் கீழே வீங்கியது. குளவி கொட்டியிருக்கும் என்று மஞ்சள் பற்றுப் போட்டார்கள். சோற்றை ஒருபக்கமாகவே மென்றது. எலும்பை எடுத்துப் போட்டால் முகர்ந்துவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தது. நாலாம் நாள் வீக்கம் உடைந்து சீழ் வந்தது. விருத்தாசலத்தில் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இருந்தவர் தமிழ்மொழி என்ற இளம் டாக்டர். நாயின் மேலுதட்டைத் தூக்கி இவர்கள் இருவரையும் குனிந்து பார்க்கச் சொன்னார். மேல் தாடையின் பெரிய கடைவாய்ப் பல், பக்கவாட்டில் ஒரு சில்லாகப் பிளந்திருந்தது. உள்ளே சிவப்பாகத் தெரிந்தது. வேர் வரைக்கும் சீழ் பிடித்திருந்தது; பிடுங்குவதைத் தவிர வழியில்லை.

என்ன கடிக்கக் கொடுக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். காந்திமதி பையிலிருந்து எலும்பை எடுத்து மேஜைமேல் வைத்தார். அது டங்கென்றது.

“சார், இதுல உங்க கட்டைவிரல் நகத்த வச்சு அழுத்துங்க.”

சிங்காரவேல் அழுத்தினார்.

“பதியுதா?”

“பதியலைங்க.”

“நகம் பதியலன்னா நாய்க்குக் குடுக்கக் கூடாது சார். ரெண்டுல ஒன்னு தேயணும். இது தேயாது. அப்ப பல்லுதான் போகும்.”

எவ்வளவு நாளாக வலித்திருக்கும் என்று சிங்காரவேல் கேட்டார். சரியாகச் சொல்ல முடியாது, மாதக்கணக்கில்கூட இருக்கலாம், நாய்கள் காட்டிக்கொள்வதில்லை என்று டாக்டர் சொன்னார். பிளந்த பிறகும் கடித்துக்கொண்டுதானே இருந்தது என்றார் இவர். ஆமாம் என்றார் டாக்டர். மறுநாள் மயக்க ஊசி போட்டுப் பல்லை எடுத்தார்கள்.

மயக்கம் தெளியாத நாயை ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு வரும் வழியில், மீதி பதினொன்னு என்று ஒரே ஒரு முறை சொன்னார் என்று காந்திமதி நினைவுகூர்ந்தார்.

திரும்ப வாங்குவது கொடுப்பதைப் போல எளிதாக இல்லை. அந்த வாரம் ஷிப்டு முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். எல்லா வீட்டிலும் ஒரே வார்த்தை: நான் செஞ்சது தப்பாப் போச்சு, குடுத்துடுங்க. வாய் ஓயாத மனிதர் அவ்வளவு சுருக்கமாகப் பேசி அதற்குமுன் நான் கேட்டதில்லை. சிலர் உடனே கொடுத்தார்கள். ஒரு வீட்டில் அது கதவுக்கு முட்டுக்கொடுக்க வசதியாக இருக்கிறது என்று தயங்கினார்கள். செங்கல் ஒன்றைத் தேடிக் கொண்டுவந்து வைத்துவிட்டு எடுத்துப் போனார். ஆதிலட்சுமி டீச்சர், எங்க பிரௌனி ஒரு கம்ப்ளெயிண்டும் பண்ணலையே சார் என்றார். பிரௌனியின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். பற்கள் நன்றாகவே இருந்தன. போன வீடுகளிலெல்லாம் அப்படித்தான் பார்த்தார். வேறு எந்த நாய்க்கும் பல் போயிருக்கவில்லை. அதனால் அவருக்கு நிம்மதி வந்ததாகத் தெரியவில்லை. போர்மேனும் போன மாதம் வரை இப்படித்தான் இருந்தது என்று டீச்சரிடம் சொன்னார்.

பத்து வந்தது. வேலுமணி கொடுக்கவில்லை. சுரங்கத்தில் கேட்டபோது சிரித்து மழுப்பினார். பிறகு வளையமாதேவிக்கே போய்க் கேட்டார். என் ஸ்கூட்டரில்தான் போனோம். வேலுமணியின் நாய் வாசலில் அந்த எலும்பைக் கவ்விக்கொண்டு படுத்திருந்தது. சிங்காரவேல் தன் ஒற்றை வாக்கியத்தைச் சொன்னார். வேலுமணி கொஞ்ச நேரம் நாயைப் பார்த்தார்.

“பத்து வருசத்துல எனக்கு பர்மனெண்டா கெடச்சது இது ஒன்னுதாண்ணே. இதையும் திருப்பிக் கேக்குறீங்களே.”

“நகம் பதியாததக் கடிச்சா பல்லு போயிடும் வேலு.”

“ஒங்க நாய்க்குப் போச்சு. எங்க நாய்க்குப் போவல. நாங்க கெட்டியானதையே தின்னு பழகிட்டோம்.”

விளையாட்டாகச் சொன்னாரா என்பது முகத்தில் தெரியவில்லை. வேலுமணியின் மனைவி டீ கொண்டுவந்தார். குடித்துவிட்டு வந்தோம். அந்த எலும்பை வலுக்கட்டாயமாக எடுத்திருக்கலாம், நாய் பயந்த நாய்தான். அவர் எடுக்கவில்லை. கொடுத்த பொருளின்மேல் கொடுத்தவருக்கு என்ன உரிமை மிச்சம் இருக்கிறது என்பது எனக்கும் தெளிவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு பெல்ட் கிழிந்தது. பெரிய வேலை, குழு முழுவதும் போனது. சோற்று நேரத்தில் பெல்ட்டின் ஓரத்திலேயே எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, வேலுமணி விளையாட்டுபோல அந்தப் பெல்ட்டின்மேல் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினாராம். மலைமலையாக மண்ணைச் சுமக்கிற ரப்பர். நகம் பதிந்தது. பிறைபோல ஒரு கோடு. சற்று நேரத்தில் அதுவும் மறைந்தது. இன்னொரு இடத்தில் அழுத்தினார். அங்கேயும் பதிந்தது. பிறகு கைகழுவப் போய்விட்டார்.

மறுநாள் காலை, துணியில் சுற்றி அந்தப் பதினோராவது எலும்பைக் கொண்டுவந்து சிங்காரவேலின் சாப்பாட்டுப் பைக்குப் பக்கத்தில் வைத்தார். வேலுமணியே இதை எனக்குச் சொன்னார்; பெருமையாகச் சொல்லவில்லை.

“அண்ணே, கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்க. பெல்ட்ட நாங்க இந்த மாதிரி வேகவச்சிருந்தா நீங்க எங்கள வுட்டிருப்பீங்களா?”

“பிரிச்சுப் போடச் சொல்லியிருப்பேன்.”

“அப்ப இத மட்டும் ஏண்ணே இப்பிடி வேகவச்சீங்க?”

சிங்காரவேல் துணியைப் பிரித்துப் பார்த்தார். தன் எழுத்தைப் பார்த்தார். நீ சிரிச்ச என்று சொல்லியிருக்கலாம், அது உண்மையும்கூட. அவர் சொன்னது வேறு.

“பிரியக் கூடாதுன்னு மட்டும் நெனச்சிட்டேன் வேலு.”

அந்த ஞாயிற்றுக்கிழமை பதினொன்றையும் வீட்டுக்குப் பின்னால் வைத்து, பெல்ட் சீவும் கத்தியால் துண்டுதுண்டாக நறுக்கினார். முதலில் எழுத்தைச் சுரண்டினார், பிறகு நறுக்கினார். பிரிந்த ஜாயிண்டை வெட்டி எறிவதற்குமுன் அப்படிச் செய்வதுதான் குழுவின் வழக்கம். அவ்வளவு இறுகிப்போயிருந்ததால் கத்தியை மூன்று முறை சாணை பிடிக்க வேண்டியிருந்தது. காலையில் உட்கார்ந்தவர் எழுந்தபோது மணி இரண்டு.

நாய் கடிப்பதற்கு வழி இன்னும் கிடைக்கவில்லையே என்ற பேச்சு காந்திமதியிடமிருந்துதான் மறுபடி வந்தது. ஆனால் இம்முறை அவர் ஒன்றைக் கவனித்திருந்தார். மிஷின் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்வரை போர்மேன் எதையும் தொடுவதில்லை. கட்டில், கதவு, ரவிக்கை எல்லாமே வீட்டில் யாரும் இல்லாத அரைமணியில் போனவை. அன்றிலிருந்து துணி கொடுக்கப் போகும்போது நாயையும் கூட்டிக்கொண்டு போனார். ஒரு கையில் ரவிக்கைப் பை, ஒரு கையில் சங்கிலி. இதைச் செய்யாமல் அஞ்சு மாசமா ஊரெல்லாம் எலும்பு தேடியிருக்காரு என்று என் மனைவியிடம் சொல்லிச் சிரித்தார்.

கடிப்பதற்கு ஏதாவது ஒன்று தேவைதான், அது நாயின் சுபாவம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சந்தையில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு வாங்கி, விரல் தடிமனில் நீளமாகச் சீவி, பாதி வேகவைத்து, மொட்டைமாடியில் இரண்டு வெயில் காயவைத்தார்கள். தோல்போல வளையும், இழுத்தால் இழுபடும். சிங்காரவேல் ஒவ்வொன்றையும் எடுத்து நகத்தால் அழுத்திப் பார்த்த பிறகுதான் டப்பாவில் போடுவார். போர்மேன் ஒரு துண்டை இடதுபக்கக் கடைவாயில் வைத்து இருபது நிமிடம் மென்று, பிறகு விழுங்கிவிடும். அதோடு அந்தப் பொருள் தீர்ந்துபோகும். அடுத்த வாரம் மறுபடி சீவ வேண்டும், மறுபடி காயவைக்க வேண்டும். எதையும் ஒருமுறை செய்து முடித்துத் தேதி போட்டுவிட்டு வருகிற மனிதர், வாராவாரம் தீர்ந்துபோகும் ஒன்றை முணுமுணுக்காமல் செய்துவந்தார். பதினோரு வீடுகளுக்கும் ஒவ்வொரு டப்பா போனது. டப்பாவில் எழுத்து இல்லை.

சுப்பிரமணியன் சொன்ன இரண்டு மாதம் இரண்டு வருடத்துக்கு மேல் ஆயிற்று. ஒருமுறை திருப்பூரிலிருந்து அவர் ஒரு பார்சல் அனுப்பினார். வெளிநாட்டில் செய்த கெட்டியான நைலான் எலும்பு. வாழ்நாள் உத்தரவாதம் என்று அட்டையில் இருந்தது. சிங்காரவேல் நகத்தை வைத்துப் பார்த்துவிட்டுப் பரணில் போட்டார். போனில், நல்லா இருக்கு சார், அது சந்தோஷமா இருக்கு என்றார். எதைச் சொன்னார் என்று அவர் பிரித்துச் சொல்லவில்லை.

சிங்காரவேல் ரிட்டயர்டு ஆன மாதத்தில் கம்மாபுரம் பக்கத்தில் கட்டிய வீட்டுக்குக் குடிபோனார்கள். கிரகப்பிரவேசத்துக்கு நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். வேலுமணி பந்தல் வேலையில் ஓடிக்கொண்டிருந்தார். சுப்பிரமணியனும் வந்திருந்தார். போர்மேன் அவர்மேல் தாவி முகத்தை நக்கியது. பிறகு உள்ளே போய், இன்னும் பிரிக்காத தையல் மிஷின் பெட்டிக்குப் பக்கத்தில் முன்னங்காலை ஊன்றி உட்கார்ந்துகொண்டது. நாயைக் கூட்டிப் போவது பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை.

வாசல் நிலைக்கு மேலே பூசணிக்காய் தொங்கியது. அதற்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் அந்த முதல் எலும்பு, போர்மேனின் பல்லைப் பிளந்தது, மாட்டியிருந்தது. யாருக்கும் தீங்கு செய்யாத பதினொன்றையும் நறுக்கியவர் இதை நறுக்காமல் வைத்திருந்தார் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். நாய் தேய்த்து அழித்திருந்த எழுத்தின்மேல் புதிதாகப் பெயிண்ட் அடித்து எழுதியிருந்தது: சி.வே. கீழே தேதி. செய்த தேதி இல்லை. விருத்தாசலத்தில் பல்லை எடுத்த நாள்.

வந்தவர்கள் திருஷ்டிக்கு மாட்டியது என்று நினைத்துக்கொண்டார்கள். சுப்பிரமணியன் அண்ணாந்து பார்த்து, இது என்ன சார் என்றார்.

சிங்காரவேல் கையில் இருந்த பெயிண்ட் கறையைத் துண்டில் துடைத்தார்.

“பந்தி ஆரம்பிச்சிட்டாங்க சார். வாங்க, சாப்பிடலாம்.”